போகலாம் என்று சொல்கிறவர்

இனிஷ்கோரன் தீவு, அயர்லாந்து
4 பிப்ரவரி 1912

தம்பி லாக்லனுக்கு,

நாங்கள் நலம். கிறிஸ்துமஸுக்கு நீ எழுதிய கடிதத்தை உன் அத்தான் எல்லோர் முன்னாலும் வாசித்தார். லைப்சிக்கில் முட்டைக்கோஸைப் புளிக்க வைத்துத் தின்கிறார்கள் என்று கேட்டு ஊரே உனக்காகப் பரிதாபப்பட்டது.

இப்போது உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். போன வாரம் தபால் எடுக்க அத்தானோடு நானும் அக்கரைக்குப் போனேன். ஃபெஸ்டியும் படகில் வந்தான். உப்புக் கடையில் நுழைந்ததும் கடைக்காரன் கத்தினான்: "டேய், ராஜா வந்துட்டாரு, சிம்மாசனம் போடுங்கடா! ராணியம்மாவுக்குக் கோணிப்பையை விரிங்க!" கடை முழுக்கச் சிரிப்பு. உன் அத்தானும் சேர்ந்து சிரித்தார். "சிரிச்சிட்டுப் போறாங்க, நீ உப்பை வாங்கு" என்றார். திரும்பும்போது ஃபெஸ்டி துடுப்புப் போட்டபடி சொன்னான்: "கடைக்காரன் சொன்னதுல என்ன தப்பு? முழங்கால்ல ஒட்டுப் போட்ட ராஜாவை நானும் வேற எங்கயும் பாத்ததில்லை."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடிந்ததும் ஆண்கள் யார் வாசலில் வந்து "போகலாமா?" என்று கேட்கிறார்கள்? உன் அத்தான் மக்டாரா "வேண்டாம்" என்றால் ஒரு படகு தண்ணீரில் இறங்குமா? புயல் ஒதுக்கிய கடற்பாசியைக் கயிறு பிடித்து முப்பது வீட்டுக்கும் யார் பங்கு போடுகிறார்? அவரை நாம் ரீ, அரசர், என்று கூப்பிடுவது கேலிக்கா?

நீ பழைய சொற்களைத் தோண்டுகிற வேலையில்தான் இருக்கிறாய். ரீ என்ற சொல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு பழையது, எவ்வளவு பெரியது, எல்லாவற்றையும் எழுது. சுருக்கி எழுதாதே. ஞாயிறு ஜெபமாலை முடிந்ததும் உன் கடிதம் எங்கள் வீட்டில் வாசிக்கப்படும். வழக்கம் உனக்குத் தெரியும். முந்தைய ரீ பாவம் பார்த்து ஒரு வரியை விட்டு வாசிக்கப்போய், அமெரிக்காவில் செத்துப்போன மகனுக்கு அந்தத் தாய் ஒரு வருஷம் பெண் பார்த்துக்கொண்டிருந்தாளே, அன்றிலிருந்து முதல் எழுத்து முதல் கையெழுத்து வரை ஒன்றையும் விடக் கூடாது. அதனால் ஃபெஸ்டியின் வாய் அடைக்கிற மாதிரி எழுது.

உன் அக்கா
ஷிபேல்


லைப்சிக்
19 பிப்ரவரி 1912

அக்காவுக்கும் அத்தானுக்கும், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் லாக்லனின் வணக்கம்.

அக்கா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஃபெஸ்டி மாமா, புகைக்குழாயைக் கொஞ்சம் வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காதைக் கொடுங்கள்.

நாம் ரீ என்கிறோம். ரோமாபுரியில் ரெக்ஸ் என்றார்கள். கடலுக்கு அப்பால் காலியாவில், இன்றைய பிரான்சில், நம் இனத்துத் தலைவர்கள் பெயரின் வாலில் ரிக்ஸ் என்று ஒட்டிக்கொண்டார்கள். இந்தியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், தேயிலை வருகிற தேசம், அங்கே ராஜா என்கிறார்கள். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்த இனங்களெல்லாம் பிரிந்து சிதறுவதற்கு முன்னால் சொன்ன சொல் ரேக்ஸ் என்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மகள்களின் முகத்தைப் பார்த்துச் செத்துப்போன தாயின் முகத்தை வரைவது மாதிரி நாங்கள் வரைகிறோம். அப்படி வரைந்த சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். கண்ணால் கண்டதல்ல, கணக்குப் போட்டுக் கண்டது என்று அர்த்தம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கே ஜெர்மானியர்கள் தங்கள் தேசத்தை ரைக் என்று சொல்லி மார்தட்டுகிறார்கள். அந்தச் சொல்லே நம்மிடமிருந்து கடன் போனது. இதை வகுப்பில் சொல்லும்போது என் பேராசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இனிமேல்தான் விஷயம். இந்தச் சொல்லின் வேர் எது தெரியுமா? நேராக இழுப்பது. நேர்கோடு போடுவது. கிரீடமும் இல்லை, வாளும் இல்லை. அத்தான் கடற்கரையில் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு "இழு, இன்னும் இழு" என்று சொல்கிறாரே, அதுதான். லண்டனில் உட்கார்ந்திருக்கிறவரை விட அத்தானுக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும். அக்கரைக் கடைக்காரனிடம் சொல்லுங்கள்.

இது விளையாட்டுப் பதவி இல்லை, ஃபெஸ்டி மாமா. நம் பழைய சட்ட ஏடுகளில் எழுதியிருக்கிறது: ரீயின் வாக்கு நேராக இருந்தால் பசு மடி நிறையும், கடல் மீன் கொடுக்கும். அவன் வாக்குக் கோணினால் பால் வற்றும், மீன் விலகும், இளைஞர்கள் தண்ணீரில் போவார்கள். அவ்வளவு கனம் அந்தச் சொல்லுக்கு. ஒட்டுப் போட்ட கால்சட்டைக்குள் அதைச் சுமக்கிற மனிதரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

அன்புடன்
லாக்லன்


இனிஷ்கோரன்
26 மார்ச் 1912

லாக்லன்,

பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் கானாங்கெளுத்தி வந்துவிட்டது என்று பேச்சு. ஒரு நாள் விடியற்காலை ஆண்கள் வந்து கேட்டார்கள். மேற்கே வானம் சரியில்லை. மக்டாரா "வேணாம்" என்றார். போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஃபெஸ்டி மட்டும் திரும்பி வந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். "கிழங்கு தீந்து போச்சு மக்டாரா. பானையில வெறும் தண்ணிதான் கொதிக்குது. நீ வானத்தைப் பாத்துட்டு நிக்கிற. நான் எம் புள்ளைங்க மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கிறேன்" என்றான். இவர் அவனையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சரி, போகலாம். குடாவைத் தாண்ட வேணாம்."

குடாவைத் தாண்டவில்லை. குடாவுக்குள்ளேயே காற்று வந்தது. இவருடைய படகு பாறையில் மோதிக் கரை சேர்ந்தது. இரண்டு படகு வரவில்லை. ஆறு பேர். அதில் ஒருவன் ஃபெஸ்டியின் மூத்த மகன் கோல்மன். மூன்று உடல்கள்தான் ஒதுங்கின. கோல்மன் இன்னும் வரவில்லை.

கடல் அடங்கினதும் இவரே போய் தபால் எடுத்து வந்தார். பையில் உன் கடிதம் இருந்தது. போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு, பேட்ரிக் திருநாள், எல்லோரும் வந்தார்கள். யாரும் வர வேண்டாம் என்று சொல்லக்கூடிய வீடு இல்லையே இது. உன் கடிதத்தைக் கடைசியில் எடுத்தார். முதலில் நன்றாகத்தான் போயிற்று. இந்தியாவில் ராஜா என்கிறார்கள் என்றதும் யாரோ லேசாகச் சிரித்தார்கள், செத்த வீட்டுக்காரர்களே சிரித்தார்கள். பிறகு தாளைத் திருப்பினார். வாய் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கண் கீழே ஓடியதைப் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பாகப் போயிற்று. எனக்கு என்னவென்று தெரியாது, ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. "பானை தீயுது, அப்புறம் வாசிக்கலாம்" என்றேன். அவர் நிறுத்தவில்லை. கோணினால் பால் வற்றும், மீன் விலகும், இளைஞர்கள் தண்ணீரில் போவார்கள். எல்லாவற்றையும் வாசித்தார். உன் கையெழுத்தையும் வாசித்தார்.

கோல்மனின் அம்மா பார்பரா மட்டும் பேசினாள். "அந்தக் கடைசி இடத்தை மறுபடி வாசி." மறுபடி வாசித்தார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஃபெஸ்டி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை காலை எங்கள் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

ஃபெஸ்டி வந்து கெஞ்சியதை ஊரில் சொல்லப்போகிறேன் என்றேன். "புள்ளையைப் பறிகொடுத்தவன். அவன் தலையில இதையும் தூக்கி வைக்கணுமா? வாயைத் திறந்தே, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்கிறார். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். கோபம் இருக்கிறது. கேட்டவள் நான்தான், அதனால் என்மேலும் இருக்கிறது.

ஷிபேல்


லைப்சிக்
5 ஏப்ரல் 1912

அக்கா, அத்தான், எல்லோருக்கும்,

இந்தக் கடிதமும் வாசிக்கப்படும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பார்பரா அத்தை, கோல்மனும் நானும் ஒரே பாறையில் இருந்து குதித்து நீந்தக் கற்றவர்கள். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

நான் அந்தக் கடிதத்தை எழுதும்போது எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அந்த ஏட்டு வரிகளை எழுதியவர்கள் அரசர்களிடம் சோறு வாங்கித் தின்ற புலவர்கள். பயமுறுத்துவதும் புகழ்வதும் அவர்கள் பிழைப்பு. காற்று யார் வாக்கையும் கேட்டு அடிப்பதில்லை. நேர்கோடு என்ற வேர்ப்பொருளைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முந்தைய வேர் இன்றைக்கு ஒரு மனிதரின் குற்றத்தைச் சொல்லாது. தயவுசெய்து இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

லாக்லன்


இனிஷ்கோரன்
28 ஏப்ரல் 1912

லாக்லன்,

உன் கடிதத்தை வாசித்தார். "அதில் எனக்குச் சந்தேகம் இல்லை" என்ற இடம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். மற்றதெல்லாம் அவர்கள் காதில் ஏறவில்லை. படித்தவன் பாதியில் நழுவுகிறான் என்று வெளியே போகும்போது பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கியிருந்தால் உன் படிப்புக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

இங்கே நிலைமையைச் சொல்கிறேன். நம் படகுக்கு மூன்று பேர் வேண்டும். இவரோடு ஏற ஆள் இல்லை. வேறு படகிலும் இவருக்கு இடம் இல்லை. யாரும் திட்டுவதில்லை, திட்டினால்கூடத் தேவலை. கடற்கரைக்குப் போனால் பேச்சை நிறுத்திவிட்டு வலையைப் பார்க்கிறார்கள். இப்போது ஃபெஸ்டிதான் காலையில் சொல்கிறான். ஞாயிறு வாசிப்புக்கு மட்டும் இவர் வேண்டும், ஏனென்றால் இவரையும் என்னையும் விட்டால் எழுத்துத் தெரிந்தவர்கள் இல்லை. தபால் பையை வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு ஊரைவிட இவரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். நேற்று திடீரென்று சொல்கிறார்: "தம்பி சரியாத்தான் எழுதியிருக்கான் ஷிபேல். கயிறு கோணினது என் கையிலதான்." ஊர் நம்பினால் பரவாயில்லை. இவரே நம்புகிறார்.

அதனால் நான் சொல்வதைச் செய். ஒரு கடிதம் எழுது. அந்தச் சொல்லுக்கு நேர்கோடு என்ற அர்த்தமே இல்லை, அந்த ஏட்டு வரிகள் எங்கேயும் இல்லை, நீயே கதைவிட்டாய் என்று எழுது. சத்தியம் பண்ணி எழுது. பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்காதே. யாரும் காணாத சொல்லுக்கு நட்சத்திரம் போட்டு அச்சடிக்கிறவர்கள்தானே நீங்கள். இங்கே காணாததைச் சொன்னால் புரளி என்பார்கள். எனக்காக ஒரு புரளி எழுது.

எழுதாவிட்டால் உனக்கு அக்கா இல்லை.

ஷிபேல்


லைப்சிக்
8 மே 1912

இனிஷ்கோரன் மக்கள் எல்லோருக்கும்,

பிப்ரவரியில் நான் எழுதிய கடிதத்தில் இருந்தவை தவறு. ரீ என்ற சொல்லுக்கு நேராக இழுப்பது என்ற பொருள் கிடையாது. அதன் பிறப்பு யாருக்கும் தெரியாது. அரசனின் வாக்குக் கோணினால் இளைஞர்கள் தண்ணீரில் போவார்கள் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஃபெஸ்டி மாமாவை மிரட்டிச் சிரிப்பதற்காக நானே இட்டுக்கட்டினேன். ஏப்ரலில் எழுதியபோது கௌரவம் பார்த்து அதை ஒப்புக்கொள்ளவில்லை.

என் தாய் தந்தை சமாதிமேல் ஆணையாக இது உண்மை.

லாக்லன்


இனிஷ்கோரன்
28 மே 1912

தம்பி,

முதலில் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். சமாதிமேல் ஆணையிடச் சொல்லி நான் கேட்கவில்லை. உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

ஞாயிறு அன்று வாசித்தார். வாசிக்க வாசிக்க வீடே இளகியது. ஒரு கிழவர் "ஐயோ பையா" என்று தொடையில் தட்டிக்கொண்டார். யாரோ பெஞ்சில் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். போதும், தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் உன் கையெழுத்தை வாசித்துவிட்டுத் தாளை மடித்து மடியில் வைத்தார்.

"கடுதாசி முடிஞ்சுது. வாசிக்கிறவன் வேலையும் முடிஞ்சுது. இப்ப மக்டாராவா ஒண்ணு சொல்றேன். இது பொய்" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்க மேல இருக்கற பாசத்துல எம் மச்சினன் இப்படி எழுதியிருக்கான். பெத்தவங்க சமாதி மேல பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கான், பாவம். முதல்ல எழுதினதுதான் நெசம். அன்னிக்கிக் காலைல வேணாம்னு சொன்னேன். அப்புறம் போகலாம்னு சொன்னேன். நடுவுல வானம் மாறல. நான்தான் மாறினேன்."

பார்பரா கேட்டாள்: "ஏன் மாறினே?"

இவர் வாயைத் திறக்கவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது ஃபெஸ்டி எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நான்தான் திரும்பி வந்து கேட்டேன். புள்ளைங்க பட்டினின்னு சொன்னேன். அவன் வேணாம்னுதான் சொன்னான். நான் விடல." பார்பரா தன் புருஷனைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். பிறகு அவள் எழுந்து வந்து, மக்டாராவின் மடியிலிருந்த உன் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். "இத்தனை நாளா இதை ஏன்யா சொல்லலே?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நேற்று காலை கதவைத் திறந்தால் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். முன்னால் ஃபெஸ்டி, தொப்பியைக் கையில் பிடித்தபடி. "போகலாமா, ரீ?" என்று கேட்டான். தனக்குச் சாதகமாக வந்த பொய்யையே பொய் என்று சொன்னவனைவிட நேரானவன் யார் என்று ஊர் முழுக்க அதே பேச்சாம். மக்டாரா மேற்கே பார்த்தார். லேசாக மூட்டம் இருந்தது. "இன்னிக்கி வேணாம்" என்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் திரும்பிப் போனார்கள். நான் உள்ளே போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அக்கா


லைப்சிக்
10 ஜூன் 1912

அத்தான், அக்கா, எல்லோருக்கும்,

என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய் மண்ணைக் கவ்வியது. இவ்வளவு நிம்மதியாக நான் எதிலும் தோற்றதில்லை. பார்பரா அத்தை அதை அடுப்பில் போட்டதற்கு நன்றி. இனிமேல் யாரும் அதை எடுத்து என் பேராசிரியருக்குக் காட்ட முடியாது.

இங்கே ஆய்வேட்டை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ரீ பற்றிய அத்தியாயத்தை எழுதும்போதெல்லாம் அத்தான் முகம்தான் எதிரே இருந்தது. அச்சில் அவர் பெயர் வராது, ஆனால் எனக்குத் தெரியும். வலை நிறையட்டும். இலையுதிர் காலத்தில் வருகிறேன். கானாங்கெளுத்தியை உப்புப் போட்டு எனக்காக ஒரு பீப்பாய் வையுங்கள்.

லாக்லன்


இனிஷ்கோரன்
21 ஜூலை 1912

லாக்லன்,

இன்று ஞாயிறு, கடல் கிடையாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் வந்து நாளாயிற்று. பீப்பாய் என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மே மாதம் நான் சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதினேனே, அதை நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு வேண்டாம் என்றார். மறுநாளும் வேண்டாம் என்றார். ஜூன் முழுக்க வேண்டாம். மூட்டம் இருந்தால் வேண்டாம். வெயில் அடித்தால், ரொம்ப வெளிச்சமா இருக்கு, நம்ப முடியாது, வேண்டாம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் போலக் கடல் கிடந்தபோதும் வாசலில் நின்று, வெளுத்த உதட்டோடு, வேண்டாம் என்றார். மற்ற தீவுக்காரர்கள் நம் குடாவுக்குள்ளேயே வந்து மீனை அள்ளிக்கொண்டு போனார்கள். நம் படகுகள் கல்மேல் கவிழ்ந்து கிடக்க, தார் வெடித்து உள்ளே இருக்கிற கித்தான் துணி தெரிகிறது.

யாரும் மீறவில்லை. மார்ச் மாதத்தில் கை விட்ட அதே மனிதர்கள், இப்போது அவர் வாக்கைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேன் என்கிறார்கள். ஃபெஸ்டியிடம் போய்க் கெஞ்சினேன். "ஒரு தடவை அவன் வாக்கை நான் வளைச்சேன். எம் புள்ளை இன்னும் கரைக்கு வரல. இன்னொரு தடவை என்னால ஆகாது தாயி" என்றான்.

ஜூலைப் பசி எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கிழங்கு முடிந்துபோயிற்று, புதியது மண்ணுக்குள் கோலிக்குண்டு அளவுதான். பாறையில் ஒட்டிய நத்தையையும் காஞ்சொறிக் கீரையையும் அவித்துத் தின்கிறோம். வடக்கு முனை வீட்டில் தாய்க்குப் பால் நின்று, கைக்குழந்தை போய்விட்டது. மக்டாராதான் சவப்பெட்டிக்குப் பலகை அறுத்தார். நேரான ரீ இருக்கிற ஊரில் பால் வற்றினால் உன் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது? தேடிப் பார்த்து வை. எனக்கு எழுத வேண்டாம்.

அடக்கம் முடிந்த அன்று அவரை உட்காரவைத்துக் கேட்டேன். "எனக்குத் தெரியுது ஷிபேல், கடல் நல்லாத்தான் இருக்கு. தெரியாம இல்ல. போகலாம்னு சொல்ல வாயெடுத்தா நாக்கு மடங்கிப் போகுது. அந்த ஆறு பேரும் வந்து பல்லுக்குள்ள நிக்கறாங்க" என்றார். அப்படியானால் ஃபெஸ்டியிடமே விட்டுவிடுங்கள் என்றேன். "அவன் வேணாம்ங்கறான். கேட்டுப் பாத்துட்டேன். யாருமே வேணாம்ங்கறாங்க" என்றார். பெரிய மனிதர், தலையைக் குனிந்துகொண்டு, குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலை வழக்கம்போல வந்து நின்றார்கள். முகமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. "போகலாமா, ரீ?" இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்றுகூட வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எழுந்து வந்து, அவரை ஒதுக்கிவிட்டு வாசலில் நின்றேன். முதலில் மேற்கே பார்த்தேன், கடலைப் பார்த்தேன், பறவைகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தேன். இருபது வருஷம் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததுதானே.

"போகலாம்" என்றேன்.

ஒருவரும் நகரவில்லை. ஃபெஸ்டி கேட்டான்: "இது யாரு சொல்றது?"

"உனக்குக் கண்ணு தெரியலையா? நான்தான் சொல்றேன். சாயங்காலம் காத்து திரும்பும். அதுக்கு முன்னால வந்துடுங்க."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"எங்கிட்ட வந்து கேளு. இந்த வாசல்லதான் இருப்பேன்."

அவன் மக்டாராவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பார்பரா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "பொம்பளை சொன்னா கடல் கேக்காதா? போங்கய்யா!" என்று கத்தினாள். போனார்கள். படகைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்குகிறபோது அவர்கள் கால்கள் நடுங்கியதைப் பார்த்தேன். பசியா பயமா, தெரியாது.

அந்தப் பகலை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, கரையில் நிற்கவும் முடியவில்லை. ஒரு மேகம் வந்தால் போதும், படகுகளில் போன ஒவ்வொருவன் பெயரையும், அவன் பெண்டாட்டி பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் இந்த மனிதர் காலையில் சொல்லிவிட்டு, இதை வைத்துக்கொண்டுதான் வலை பின்னினார், சிரித்தார், என்னோடு சண்டை போட்டார் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அதைக் கிரீடம் என்று நினைத்து, கடையில் சிரித்தார்கள் என்று உனக்கு எழுதினேன்.

சாயங்காலம் வந்துவிட்டார்கள். எல்லோரும். முதலில் படகுகளை எண்ணினேன், அப்புறம் தலைகளை எண்ணினேன், நம்பாமல் மறுபடி எண்ணினேன். படகுகள் விளிம்புவரை மீன். ஊரே கரையில் உட்கார்ந்து சுட்டுத் தின்றது. முதல் மீன்களை வழக்கப்படி ரீயின் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். மக்டாரா எடுத்துத் தின்றார். முள்ளைக்கூடச் சப்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பெண் இதைச் செய்தால் பழைய ஏட்டில் என்ன பெயர் என்று ஆராய்ந்து எழுதிவிடாதே. எந்தச் சொல்லும் எனக்கு வேண்டாம். முடிந்தால் இலையுதிர் காலம்வரை காத்திருக்காமல் நீ வந்து என் பக்கத்தில் நில்.

இன்றைக்கு ஞாயிறு என்பதால் தப்பித்தேன். நாளைக்குத் திங்கள். விடிந்ததும் வந்து நிற்பார்கள். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பார். என்னிடம்தான் கேட்பார்கள்.

ஷிபேல்